பாவடித் தெரு வளைவில் நின்றவருக்கு

அண்ணா,

இன்று காலை கதவைத் திறந்ததும் தார் வாசனை முகத்தில் அடித்தது. பீப்பாய்களை உருட்டி வைத்து, விறகு மூட்டி, ஜல்லியைக் கிளறுகிற அந்தக் காலத்து வேலை இல்லை இது. பெரிய இயந்திரம் ஒன்று ஊர்ந்து போகிறது. அதன் பின்னால் கறுப்புத் துணியை உதறி விரித்தாற்போல ரோடு வந்துகொண்டே இருக்கிறது. வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. பால் வாங்கக் கிளம்பியவன் பாதியிலேயே நின்றுவிட்டேன். பாவடித் தெரு வளைவில் இருந்த வேகத்தடை மேட்டை நேற்றே சுரண்டி எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடம் எது என்று ஒரு கணம் எனக்கே பிடிபடவில்லை.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மறுபடியும் மேடு போடுவீர்களா என்று கேட்டேன். ஆர்டரில் இருந்தால் போடுவோம், எனக்குத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பால் வாங்காமலே திரும்பிவிட்டேன். இதே வாசனைக்கு நடுவில் நின்று நாமும் ஒருநாள் சிரித்திருக்கிறோம். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. உங்களோடு பேச வேண்டும்போல இருந்தது. வேறு யாரிடம் சொல்வேன்?

எழுபதுகளின் நடுவில் அது ரோடாகவா இருந்தது? போளூரில் இருட்டோடு புறப்பட்டு, தேவிகாபுரத்தில் கூடைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆரணிக்கு வருவது நம் முதல் நடை. நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். ஊருக்குள் நுழையும்போது பாவடித் தெரு வளைவு. அங்கே இருந்த குழிகளில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். முதல் கியரில்தான் போக முடியும். அந்த நேரத்தில் நெசவுக்காரர்கள் தெரு ஓரமாகப் பட்டுப் பாவை, தறிக்குப் போகிற அந்த நெடுக்கு இழைகளை, நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருப்பார்கள். பாவின் முனையைப் பிடிக்கிறவர்கள் பின்பக்கமாகவே நடந்து வருவார்கள். கண் முழுக்க இழை மேல் இருக்கும். முதுகு நம் பக்கம் இருக்கும். நம் வண்டி ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் அவர்கள் நிதானமாக நகர்ந்து, வழியும் விட்டு, கேலியும் பேசுவார்கள்.

கேலியில் முதல் ஆள் ருக்குமணியம்மா. நெசவுக்காரர் ஏகாம்பரத்தின் மனைவி. நெடுநெடுவென்ற உயரம், பாவின் முனையை இடுப்பருகே அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பார்.

"இன்னா டிரைவரே, எறங்கி நடந்து வந்திருந்தா ஜல்தியா வந்திருக்கலாமே."

நீங்கள் பதிலுக்கு ஆரனை ஒரு தட்டு மெல்லத் தட்டுவீர்கள். அதுதான் உங்கள் பதில். வண்டியில் இருப்பவர்களும் சிரிப்பார்கள்.

அந்தக் குழிகளைத் தூர்க்கச் சொல்லி மனு கொடுத்தது யார்? எல்லோரும்தான். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கடைக்காரர்கள் போட்டார்கள், நம் முதலாளி போட்டார், நீங்களும் நானும் போட்டோம். தார் போட்டு முடித்த அன்று முதலாளி ஜாங்கிரி வாங்கி வந்து தெருக்காரர்களுக்கும் கொடுத்தார். முதல் நடையை நீங்கள்தான் ஓட்டினீர்கள். வளைவில் வண்டி ஒரு குலுங்கல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. வெண்ணெய் மேல போற மாதிரி கீது என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னீர்கள். ருக்குமணியம்மா கேலி பேச வாயைத் திறப்பதற்குள் நாம் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம்.

ரோடு நன்றாக ஆனதும் முதலில் மாறியது நம் டைமிங். முன்பு கொடுத்த நேரத்தில் பாதியைக் குறைத்து, அதே வழியில் இன்னொரு முதலாளிக்கும் வண்டி ஓட்ட அனுமதி கிடைத்தது. அவருடைய பஸ் நமக்குப் பின்னாலேயே வரும். நாம் தாமதித்தால் டைம் கீப்பர் அந்த வண்டியை முதலில் கிளப்பிவிடுவார். நமக்கு வர வேண்டிய சனமெல்லாம் அதில் ஏறிப் போய்விடும். மாலையில் முதலாளி ஒன்றும் திட்டமாட்டார். கலெக்‌ஷன் பையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மேஜையில் வைப்பார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

பாவடித் தெருவில் முதலில் ஒரு நாய் வண்டியில் அடிபட்டுப் போனது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பிறகு ஏகாம்பரத்தின் ஆடு. அதற்கு முதலாளி ஏதோ கொடுத்துச் சமாதானம் செய்தார். பிறகு ஒரு பெரியவரின் செருப்பு. பெரியவர் சுவரோரம் விழுந்து தப்பித்தார். நமக்குப் பின்னால் வந்த பஸ் செருப்பின் மேல் ஏறிப் போயிற்று. அன்று மாலை டீக்கடையில் நீங்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தீர்கள்.

"முன்ன வண்டியப் பார்த்து சிரிச்சிகினு இருந்தாங்க. இப்ப ஆரன் கேட்டா சொவுத்துல போயி ஒட்டிக்கிறாங்க. கவனிச்சியா?" என்று கேட்டீர்கள்.

நான் கவனித்திருந்தேன். தெருவே ஆரன் சத்தத்துக்குப் பழகிவிட்டது. நாம் பழக்கிவிட்டோம். எதிரில் ஆள் நின்றால் பிரேக்கைத் தொடுவதில்லை, ஆரனைத்தான் தொடுவோம். அவர்கள் தாவ வேண்டும், நாம் போக வேண்டும். இப்படியே எத்தனை நாள் போகும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஆனால் பயம் இருந்ததே தவிர, நான் ஒன்றும் பேசவில்லை. யாருமே பேசவில்லை.

மார்கழி மாதத்து ஒரு காலை. பனி மூட்டத்தில் தெருமுனை வேப்பமரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வளைவில் திரும்பியதும் ஒரு முதுகு. ருக்குமணியம்மாவின் முதுகு. பாவைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வோர் அடியாக ரோட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நிற்கப் போகிறது என்று உடம்பைப் பின்னால் சாய்த்தேன். வண்டி நிற்கவில்லை, இன்னும் வேகமெடுத்தது. அவர் புடவைத் தலைப்பு வண்டியின் பக்கத்தகட்டில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது என்று இன்றைக்கும் நம்புகிறேன். நாம் கடந்த பிறகுதான் அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். எவ்வளவு ஒட்டிப் போனோம் என்று அவருக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிப் போன பின்பும் நீங்கள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னீர்கள்.

"அந்தம்மாவ நான் பார்த்துட்டேன். பார்த்ததும் காலு பிரேக்குக்குப் போவல. அவங்க இன்னொரு அடி வெக்கிறதுக்குள்ள தாண்டிடலாம்னு ஆக்ஸிலேட்டர்லயே அழுந்திச்சு. நான் நெனைக்கல. காலு தானா அழுந்திச்சு."

அதற்குப் பிறகு அந்த வளைவு வருமுன்பே உங்கள் கழுத்து வியர்க்கத் தொடங்கியது. பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்த்தீர்கள். மெதுவாகப் போன அன்றெல்லாம் மற்ற பஸ் நம்மை முந்தியது. அதுவும் அதே வளைவில், இன்னும் மோசமாக முந்தியது. நாம் மெதுவாகப் போவதே தெருவுக்கு ஆபத்தாகிவிட்டது. இதற்கு ஒரு ஆள் திருந்திப் பயனில்லை, எல்லா வண்டியையும் தடுக்கிற மாதிரி ரோட்டிலேயே ஏதாவது வேண்டும் என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். அந்தச் சமயத்தில் தெருக்காரர்களும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீட் பிரேக்கர் என்ற சொல் ஊருக்குள் புதிதாக வந்திருந்தது. அதைச் சரியாகச் சொல்ல வராமல் எல்லோரும் மேடு என்றே சொன்னார்கள்.

மேடு கேட்டுத் தெருக்காரர்கள் கூட்டிய அந்தக் கூட்டத்துக்கு நாம் போகாமல் இருந்திருக்கலாம். கல்யாண மண்டபத்தில் பாய் விரித்து நடந்தது. ரோடு வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். கடைக்காரர்கள், இரண்டு பஸ் முதலாளிகள், லாரிக்காரர்கள், தெரு முழுக்க நெசவுக்காரர்கள். கடைக்காரர் ஒருவர், ரோடு வண்டிக்குத்தானே, பாவை வேறு எங்காவது கொண்டுபோய் நீட்டலாமே என்றார். ருக்குமணியம்மா எழுந்து, தார் வருவதற்கு முன்னால் இது யார் வாசல் என்று கேட்டார். நம் முதலாளி பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றிப் பேசினார். மேட்டில் ஏறி இறங்கினால் வயிற்றுக்கு என்ன ஆகும் என்றார். லாரிக்காரர்கள் ஸ்பிரிங் உடையும் என்றார்கள். இன்ஜினியர் அமைதியாகக் கேட்டுவிட்டு, பெரிய ரோட்டில் மேடு போட விதி இடம் கொடுக்காது, அப்படியே போட்டாலும் அளவில்லாமல் போட்டால் அதுவே ஆளைக் கொல்லும் என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லோர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனால்தான் கூட்டம் எந்தப் பக்கமும் நகராமல் நின்றது.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"நான் அந்த வழியா பஸ் ஓட்றவன். மேடு போடுங்க. நாங்க மெதுவா போவோம்னு நம்பாதீங்க. எனக்கே என் காலு மேல நம்பிக்க இல்ல."

 பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மற்ற டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்குமணியம்மா மட்டும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. தன் வாசல் வழியாகத் தினமும் போய்க்கொண்டிருந்தது என்ன என்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்ட முகம் அது.

மறுநாள் காலை வண்டிச் சாவி உங்கள் கைக்கு வரவில்லை. முதலாளி கெட்டவர் அல்ல. தன் காலையே நம்பவில்லை என்று ஊர்முன்னால் சொன்னவனிடம் வண்டியைக் கொடுத்தால் சனங்கள் எப்படி ஏறுவார்கள் என்று என்னிடம் கேட்டார்.  நீங்கள் ஓர் அரிசி ஆலையில் டிராக்டர் ஓட்டப் போனீர்கள். அண்ணி என்னைக் கண்டாலே அழுவார்கள். நல்லது சொல்லப் போய் இருக்கிற சோத்துலயும் மண்ண போட்டுக்கினாரு என்பார்கள். நீங்கள் அதைக் கேட்டும் கேட்காததுபோல டிராக்டர் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் இடத்தில் சேகர் வந்தான். சின்ன வயது, நல்ல கை, யாரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாதவன். வளைவு வருமுன் நான் பின்னாலிருந்து, பார்த்து, பார்த்து என்று குரல் கொடுப்பேன். சரிண்ணா என்பான். குரல் பணிவாக இருக்கும், வேகம் குறையாது. அவனுக்கும் பின்னால் அந்த இன்னொரு பஸ் வந்துகொண்டிருந்தது.

எண்பதுகள் தொடங்கிய பிறகு வந்த ஓர் ஐப்பசி. மழை விட்ட காலை. பாவு நீட்ட முடியாமல் முடங்கிக் கிடந்த தெரு மொத்தமும் வெயிலைக் கண்டு வெளியே வந்திருந்தது. தேவிகாபுரத்திலேயே மற்ற பஸ் நம்மை ஒட்டி வந்துவிட்டது. வளைவில் சேகர் ஆரனை அழுத்தினான். எல்லோரும் சுவரோரம் தாவினார்கள். ருக்குமணியம்மா தாவவில்லை. அவர் கையில் பாவின் முனை இருந்தது. அதை விட்டால் அத்தனை பேர் உழைப்பும் சேற்றில் விழுந்து சிக்கலாகிப் போகும். அதற்காக ஒரு கணம் நின்றிருக்க வேண்டும்.

மாம்பழ நிறப் பாவு. வண்டி நின்ற பிறகு நான் இறங்கி ஓடினேன். தெரு நெடுக அந்த இழைகள் சேற்றோடு இழுபட்டுக் கிடந்தன. முன் சக்கரத்தைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக இறுகியிருந்தது. அதற்கு மேல் அன்று பார்த்ததை உங்களுக்கும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. சேகர் மறுபக்கம் குதித்து ஓடி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டான். பெயரைக் கேட்டதற்கு வண்டி நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

நீங்கள் ஆலையிலிருந்து செருப்பில்லாமல் வந்தீர்கள். தெரு உங்களுக்கு வழி விட்டது. ஏகாம்பரம் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்தார். உங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஓட்டலியா?" என்றார்.

இல்லை என்று தலையசைத்தீர்கள்.

"நீ ஓட்டியிருந்தா?"

நீங்கள் பதில் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்றீர்கள். 

அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் வீட்டுக்குள் போகவில்லை. மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு நேராக வளைவுக்கு வந்தார்கள். கருங்கல், உடைந்த செங்கல், ஓடை மண், கிடைத்ததெல்லாம் போட்டு ரோட்டுக்குக் குறுக்கே மேடு எழுப்பினார்கள்.  போலீஸ்காரர்கள் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மேடு எழும்ப எழும்ப உங்கள் முகம் கறுத்தது. அது வயல் வரப்பைப்போலச் செங்குத்தாக நின்றது. இவ்வளவு உயரம் வேண்டாம், மேட்டின் முதுகைச் சரித்து விடுங்கள் என்று கெஞ்சினீர்கள். கோபத்தில் இருந்தவர்கள் காதில் அது விழவில்லை.

பஸ்கள் நின்று ஏறின. லாரிகள் நின்று ஏறின. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் சைக்கிளில் வருகிறவர்களுக்கு அந்த மேடு இருப்பதே தெரியவில்லை. வெம்பாக்கம் பக்கத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒருவர், பின்னால் மனைவியும் முன்கம்பியில் குழந்தையுமாக வந்து தூக்கி எறியப்பட்டார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. இன்ஜினியர் அன்று சொன்னது என் காதில் ஒலித்தது.

நீங்கள் ஏகாம்பரத்திடம் போனீர்கள். மேட்டைக் கொஞ்சம் செதுக்கிச் சரிக்கலாம் என்றீர்கள்.

"அவ வுழுந்த எடம். அதுலருந்து ஒரு பிடி மண்ணு எடுக்க வுடமாட்டேன்," என்றார் அவர். தெருவும் அவர் பின்னால் நின்றது.

அன்று பொழுது சாய்ந்ததிலிருந்துதான் நீங்கள் அரிக்கேன் விளக்கோடு அங்கே நிற்கத் தொடங்கினீர்கள். ஆலை வேலை முடிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வளைவுக்கு வருவீர்கள். சைக்கிள் வந்தால் விளக்கை உயர்த்தி ஆட்டுவீர்கள். மேடு வேண்டும் என்று கேட்டு வேலையை இழந்தவர், இப்போது அந்த மேட்டிலிருந்து ஆட்களைக் காப்பாற்ற நிற்கிறார் என்று பஸ் ஸ்டாண்டில் சிரித்தார்கள். நானும் கடைசி நடை முடிந்து வந்து பக்கத்தில் நிற்பேன்.  எங்கிருந்தாவது ஆரன் கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உடம்பு விறைக்கும். சில நாள் அண்ணி தூக்குப் பாத்திரத்தில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போவார்கள். டீ சூடாக இருக்கும்.

ஏகாம்பரம் தன் வாசலில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.  அவர் ஒருநாள் எழுந்து வந்து உங்களை அடித்துவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

அவர் எழுந்து வந்த அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவில்லை. போளூர் பக்கமிருந்து ஒரு லாரியை நீங்கள் நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். எதிர்ப்பக்கமிருந்து ஒரு மொபெட்டில் ஒரு பெண் வந்தாள். மடியில் துணியில் சுற்றிய குழந்தையைக் கட்டியிருந்தாள். லாரி வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. உங்கள் விளக்கு தெரியவில்லை. நீங்கள் கத்தியது லாரிச் சத்தத்தில் எடுபடவில்லை. ஏகாம்பரம் தன் வாசலிலிருந்து பாய்ந்து வந்து வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் கீழே விழுந்து முட்டி சிராய்ந்தது. வண்டி மேட்டுக்கு முன்னால் நின்றது. அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்தபடியே அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவரே மண்வெட்டியை எடுத்து வந்தார். நீங்கள் காலால் கோடு கிழித்துக் காட்டினீர்கள். எவ்வளவு அகலம், எங்கே சரிவு தொடங்க வேண்டும் என்று. வண்டி ஓட்டிய உடம்புக்கு அது தெரியும் என்றீர்கள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மேட்டின் உச்சியைச் செதுக்கி, இரண்டு பக்கமும் நீளமாகச் சரித்து, சுண்ணாம்பால் பட்டை அடித்தார்கள். வெட்டி எடுத்த மண்ணை ஏகாம்பரம் கூடையில் அள்ளித் தன் வீட்டுக்குள் கொண்டுபோனார். 

கொஞ்ச நாளில் இன்ஜினியர் ஆட்களோடு வந்தார், மேட்டை எடுத்துவிட. தெருவே திரண்டு நின்றது. அவர் மேட்டின் மேல் ஏறி நடந்து பார்த்தார். அந்தச் சமயம் நம் பஸ் வந்து வேகம் குறைந்து ஏறி இறங்கிப் போனது. அதையும் பார்த்தார். ஆட்களைத் திரும்பி வண்டியில் ஏறச் சொன்னார். மாதங்கள் கழித்து அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில், தாரில் மேடு வந்தது. வெள்ளைப் பட்டையும் பலகையும் வந்தன. நான் வேலையில் இருந்தவரை அந்த வளைவில் யாரும் சாகவில்லை. ஆனால் ஊர் தப்பித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இங்கே விட்ட நேரத்தை வண்டிகள் அடுத்த தெருவில் பிடித்தன. அங்கே ஒரு காய்கறிக்காரர் அடிபட்டுப் போனார். அங்கேயும் ஒரு மேடு வந்தது. அதற்கும் அடுத்த தெரு இருந்தது. உங்களைத் திரும்பவும் வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள். நீங்கள் போகவில்லை.

உங்கள் கடைசி மழைக்காலத்தில் ஒருநாள் பார்க்க வந்திருந்தேன். சேகர் முன்பே எங்கோ வடக்கே போய்விட்டான். ஏகாம்பரம் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. பேச்சுவாக்கில் நான், அன்னிக்கு நம்ம பஸ்ஸு அந்தம்மாவ அடிச்சுதே என்று ஏதோ ஆரம்பித்தேன். நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

"பஸ்ஸு இன்னா பண்ணும்? சேகர் அடிச்சான். நான் இருந்திருந்தா நான் அடிச்சிருப்பேன். ஏகாம்பரம் கேட்டதுக்கு இதான் பதிலு. அவன் உசுரோட இருக்கசொல்லோ எனக்கு வாய் வரல."

அதைப் பற்றி நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். 

இப்போது பேப்பரைப் பிரித்தால் லாரி மோதிப் பெண் பலி, பஸ் மோதி மாணவன் பலி என்று தினமும் ஒன்றாவது இருக்கிறது. படிக்கும்போது அந்த வண்டிக்குள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது யார், அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த வண்டி எது என்று என் மனம் தேடுகிறது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் முதலில் முன்னால் போய் டிரைவரின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். போன வாரம் ஏறிய வண்டியில் சின்ன வயது டிரைவர் ஒருவர் கண்ணாடியில் பின்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டேன்.

"எதுக்கு பெருசு? டைம் ஆச்சு, போயி குந்து," என்றார்.

நான் உட்காருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.